பாடு எடுக்கும் நாளில் ஓர் இந்திப் பாட்டு

காலையில் பல்கூட விளக்கவில்லை, என் அக்கா மகள் கலாவிடமிருந்து போன். நான் நடத்திவந்த சவுண்ட் சர்வீஸை இப்போது அவள்தான் நடத்துகிறாள். டெம்போ, எல்.இ.டி. திரை, மேசை நிறையப் பொத்தான் உள்ள மிக்ஸர் என்று ஏகப்பட்ட சாமான். ஆனால் குரலில் அழுகை.

"மாமா, இந்தக் குப்பத்துல இன்னா மாமா பேஜார்? பாடு சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஏதோ இந்திப் பாட்டு போடணும்னு குந்திக்கினு கீறாங்க. விநாயகர் பாட்டு போட்டேன், நிறுத்துன்றாங்க. ஊரே பெஞ்சுல உக்காந்து என்னைப் பாக்குது."

"பாட்டைத் தேடிப் போட்டியா?"

"பசங்க தேடிப் புடிச்சுப் போட்டாங்க. பாட்டும் முடிஞ்சுது. அப்பவும் சீட்டை எடுக்க மாட்டேன்றாங்க. ஒரு பெரியவரு எழுந்து, 'மைக்குக்காரன் எங்கே, கதை யாரு சொல்றது'னு கேக்கறாரு. இன்னா கதை மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு வலி என்று வீட்டோடு உட்கார்ந்த பிறகு வருகிற முதல் பாடு சீட்டு இது. இத்தனை வருஷமும் நானே போய்ச் செய்துகொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அவசரத்துக்கு என்ன செய்வது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அது போனில் சொல்லுகிற விஷயமில்லை. அவளும் அவளுடைய ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை. பழவேற்காட்டில் அந்தோணி அண்ணனின் மைக் செட் கடையில் ஒயர் சுற்ற உட்கார்ந்தேன். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டினேன், இசைத்தட்டு துடைத்தேன், திட்டு வாங்கினேன். பிறகு வீடியோ கேசட் போடுகிற டெக் வந்தது. டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊரே படம் பார்க்கிற காலம். அண்ணன் கடனோ உடனோ ஒரு செட் வாங்கிவிட்டார். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் சினிமாக் கொட்டகை.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லி. எப்போதும் வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். "ம்" என்று ஒரு சொல்தான். சரி என்றாலும் "ம்", தப்பு என்றாலும் "ம்", நாளைக்கு வேலைக்கு வராதே என்றாலும் அதே "ம்". எந்த "ம்" எதற்கு என்று புரிந்துகொள்வதுதான் எனக்கு நடந்த பயிற்சி. படகில் போகும்போது டி.வி.யை நான் பிடித்துக்கொள்ளலாம். டெக்கை மட்டும் யாரிடமும் தரமாட்டார். கம்பளியில் சுற்றி, பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்.

ஏரிக்காற்றில் உப்பு. டெக்குக்கு அது எமன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு பூஜை நடக்கும். முதலில் நல்ல தண்ணீரில் கை கழுவ வேண்டும். அந்தக் குப்பங்களில் குடிக்கிற தண்ணீரே படகில்தான் வரும், ஆனாலும் அண்ணனுக்கென்று ஒரு சொம்பு எடுத்து வைப்பார்கள். மூடியைக் கழற்றி, பழைய வேட்டித் துணியில் ஸ்பிரிட் நனைத்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டின்மேல் அசையாமல் பிடித்துக்கொள்வார். துணி அசையக் கூடாது, உருளையைத்தான் விரலால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போயிற்று. முதல் தடவை நான் அப்படித் தேய்க்கப் போனபோது வந்த "ம்" இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணனிடம் இரண்டு சட்டங்கள். ஒன்று, பாட்டை வேகமாக ஓட்டித் தள்ளக் கூடாது. மற்ற டெக்குக்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்கப் பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார்கள். "பொம்பளைங்க பாட்டுக்குத்தான்டா வர்றாங்க. கதைக்கு வர்றவன் தூங்கிடுவான்" என்பார். இரண்டு, படத்தை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. ஹெட் சுற்றிக்கொண்டேயிருக்கும், டேப் ஒரே இடத்தில் தேயும். அந்த இடம் ஆயுசுக்கும் கோடு கோடாகத்தான் ஓடும்.

சரி, கதை சொல்வதற்கு வருகிறேன். தெலுங்குப் படம் போட்டால் எங்கள் பக்கம் தொல்லையில்லை. பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும், அப்பனையே நைனா என்று கூப்பிடுகிற ஊர்தானே. இந்திப் படம்தான் சிக்கல். அதனால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து, வசனத்துக்கு நடுவே தமிழில் கதை சொல்வேன். எனக்கு இந்தி தெரியுமா என்று கேட்காதீர்கள். ஒரு எழுத்து தெரியாது. முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அழுதால் அம்மா செத்துவிட்டாள், கத்தினால் சொத்துத் தகராறு, தலையைக் குனிந்தால் காதல். பத்துக்கு எட்டுப் படம் இதில் அடங்கிவிடும்.

மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு படத்தில் கதாநாயகியின் கூடவே ஒருவன் திரிந்தான். பார்த்துக்கோங்க, இவன்தான் அவளோட கூடப் பிறந்த அண்ணன் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மழையில் கட்டிப்பிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "அடப்பாவி! அண்ணன்னு சொன்னியேடா!" என்று கிழவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பெரியம்மா மகன் மாதிரி வளர்ந்த மாமன் மகன் என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த படத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பொய்யை ரசித்துக் கேட்கிற சனம்.

இனி அந்தப் படம். பேரை விடுங்கள். வடநாட்டில் ஒரு பெரிய வீடு, ஒரு அண்ணன், அவன் தூக்கி வளர்த்த தம்பி. தம்பி கல்யாணம் செய்கிறான், குடும்பத்தில் பிணக்கு வருகிறது, கடைசியில் சேர்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் பாட்டு இருக்கிறதே! அப்பப்பா! வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அண்ணன் ஒரு அடி எடுப்பான், தம்பி அடுத்த அடி, அண்ணி பித்தளைத் தட்டில் விரலால் தாளம் போடுவாள். பின்னால் ஆர்மோனியம். அதே பாட்டு நடுவில் ஒரு தடவை அண்ணியின் குரலில் மட்டும் மெதுவாக வரும். முடிவில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். படம் வருவதற்கு முன்பே அந்தப் பாட்டு ரேடியோவிலும் எங்கள் இசைத்தட்டிலும் ஊர் ஊராகப் போய்விட்டது. கையால் தடவி இறால் பிடிக்கப் போகிற பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே அந்த மெட்டை முனகுவார்கள். வார்த்தை தெரியாத இடத்தில் தன்னானே போட்டுக்கொள்வார்கள்.

ஒரு குப்பத்தில் பாடு சீட்டுக்கு முதல்நாள் அந்தப் படத்தைக் கேட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: பாடு என்றால் ஏரியில் எந்த வீட்டுக்காரன் எந்த இடத்தில் எந்த முறையில் வலை கட்டுவது என்று சீட்டு எடுத்துப் பிரிக்கிற பங்கு. அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான். நைனா செத்தால் மூத்த மகன் பேரில் சீட்டு விழும், தம்பிகள் அவனோடு கூட்டுத் தொழில். கூட்டு முறிந்தால் தம்பிக்கு ஏரியில் இடமில்லை.

எங்களைப் படகில் ஏற்றிப்போன ஆள் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"உஷாரா பேசுப்பா மைக்கு. தேசப்பனுக்கும் தம்பி ஏகாம்பரத்துக்கும் கூட்டு முறிஞ்சு போச்சு. நாளைக்கு சீட்டு. தேசப்பன் பேரை மட்டும்தான் எழுதுவாங்க. சின்னவன் மூட்டை கட்டிட்டான். காட்டூர் பக்கம் வயல் வேலைக்குப் போறானாம், பொண்டாட்டியையும் இட்டுக்கினு."

"இன்னா சண்டை?"

"இன்னாத்த சண்டை! அண்ணனைக் கேக்காம புது வலையை ஆரம்பாக்கத்துல எவனுக்கோ இரவல் குடுத்துட்டான் சின்னவன். வலை கிழிஞ்சு வந்துது. பெரியவன் கோவத்துல கழியைக் கொண்டுபோய்த் தம்பி வாசல்ல வெச்சிட்டு வந்துட்டான்."

அந்தக் குப்பத்தில் இது பெரிய பேச்சு. படகு தள்ளுகிற கழியை ஒருவன் கூட்டாளி வாசலில் வைத்துவிட்டு வந்தால், இனி உன் வழி நீ பார் என்று அர்த்தம். வைப்பவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். கூட்டு முறிய வேண்டாம் என்று நினைத்தால் மற்றவன் அந்தக் கழியைத் தொடமாட்டான், அது வாசலிலேயே கிடக்கும். பெரியவர்கள் அதைப் பார்த்து வந்து பேசி வைப்பார்கள். எடுத்து உள்ளே வைத்துக்கொண்டால், கூட்டு முறிந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"சாயங்காலம் பாத்தா கழி வாசல்ல இல்ல. உள்ள எடுத்து வெச்சிட்டாங்க. இன்னா திமிரு பாரு! தேசப்பன் அன்னிக்குச் சோறு துண்ணல. தூக்கி வளத்த தம்பி, வந்து கால்ல வுழுவான்னு பாத்தான்."

அந்தோணி அண்ணன் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாயை அடக்கிப் பேசுடா" என்றார். "ம்" இல்லாமல் அவர் முழு வாக்கியமாகச் சொன்னால் விஷயம் பெரிது.

பகலிலேயே படம். வலை பழுது பார்க்கிற கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சீட்டுக்கு முதல்நாள் யாரும் ஏரிக்குப் போகக் கூடாது என்பதால் ஊரே உள்ளே இருந்தது. புழுக்கம், கருவாட்டு வாசனை, குழந்தைகள் அழுகை. தேசப்பன் ஒரு ஓரம், ஏகாம்பரம் எதிர் ஓரம். ஏகாம்பரத்தின் மனைவி லலிதா பெண்கள் பக்கத்தில் தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா பம்பாய்த் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். அங்கேயே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அந்த வருஷம்தான் குப்பத்துக்கு வந்தவள். ஊரில் பம்பாய்க்காரி என்றுதான் பேர். பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.

முதல் பாட்டு வந்தது. பெண்கள் வாய்விட்டே பாடினார்கள். நானும் உற்சாகமாகிவிட்டேன். உற்சாகம் வந்தால் என் வாய் என் சொல் கேட்காது.

பாதிப் படத்தில் அந்தக் கட்டம். தம்பி மனைவி முற்றத்தில் தனியாக நிற்கிறாள். அண்ணன் வருகிறான். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து பெரிய சாவிக்கொத்தை எடுத்துத் தரையில் வைக்கிறான். ஒரு பேச்சில்லை. திரும்பிப் போகிறான்.

நான் மைக்கில், "பாத்துக்கோங்க மக்களே! அண்ணன்காரன் சாவியை வீசிட்டான்! இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லைன்னு வீசிட்டான்!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம பக்கம் கழி வெக்கிற மாதிரி!" என்று சேர்த்துவிட்டேன்.

 பின்னாலிருந்து ஒரு "ம்" வந்தது. செத்தோம் என்று நினைத்துப் படத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டேன். திரையில் சாவிக்கொத்து அப்படியே நின்றது.

அப்போதுதான் லலிதா எழுந்தாள்.

"அண்ணா, தப்பா சொல்றீங்க. அவர் வீசல. குடுக்கிறாரு."

யாரோ, "உக்காரும்மா" என்றார்கள். அவள் உட்காரவில்லை. 

"நாங்க இருந்த இடத்துல வடநாட்டுக்காரங்கதான் அக்கம்பக்கம். அவங்க வீட்ல புருஷனோட அண்ணன் தம்பி பொண்டாட்டி கையில எதையும் நேராக் குடுக்க மாட்டாரு. மொகத்தைப் பாத்துப் பேசவும் மாட்டாரு. மரியாதை அது. எது குடுத்தாலும் கீழ வெச்சிட்டுப் பேசாமப் போயிடுவாரு. நாமதான் எடுத்து உள்ள வெக்கணும். சாவி குடுத்தா, வீடே உன்னுதும்மான்னு அர்த்தம்."

பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினாள்.

"அதனாலதான் மாமா, நீங்க கழியை வெச்சிட்டுப் போனப்ப நான் எடுத்து உள்ள வெச்சேன். தம்பிக்குத் தனியா ஒரு கழி குடுக்கறீங்கன்னு நெனச்சு மஞ்சள் தடவி, பொட்டு வெச்சு வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் யாரும் எங்க வீட்டாண்ட வர்றதில்ல. என்னாத்துக்குன்னு எனக்கு யாருமே சொல்லல."

ஏகாம்பரம் துள்ளி எழுந்தான். "நீயா எடுத்தே? மாமா குடுத்தாருன்னு சொன்னியே! அவரே உள்ள கொண்டாந்து வெச்சு மூஞ்சில அடிச்ச மாதிரி கூட்டை முறிச்சிட்டுப் போனாருனு நான் நெனச்சுக்கினேன்!"

"குடுத்தாருன்னுதான் நெனச்சேன். அதான் அப்படிச் சொன்னேன்."

ஊர் மொத்தமும் தேசப்பனைப் பார்த்தது. கறுத்த, தடித்த மனுஷன். பேச்சு வராத ஆள்.  லலிதாவுக்கு அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது முழுதாக உறைத்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நீங்க குடுக்கலியா, மாமா? எங்களைப் போகச் சொன்னீங்களா?"

 படம் நின்றே இருக்கிறது. டெக் உள்ளே ஹெட் கிர்ரென்று சுற்றுகிறது, டேப் தேய்கிறது. அந்தோணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டெக்கைப் பார்க்கவே இல்லை. தேசப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டெக் தானாகவே டக்கென்று நின்றது. திரை நீலமாயிற்று.

அந்த நீல வெளிச்சத்தில் தேசப்பன் எழுந்து நின்றார். லலிதாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"குடுத்தேம்மா. குடுக்கத்தான் வெச்சேன்."

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும் அது பொய் என்று. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.  நான் எத்தனையோ படத்துக்குக் கதை கட்டியிருக்கிறேன், அந்த மாதிரி ஒரு பொய் எனக்கு ஒருநாளும் வாயில் வந்ததில்லை.

ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினான். தேசப்பன் அவனிடம் போகவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினார்.

"டேய் மைக்கு! இன்னாடா குந்திக்கினு வேடிக்கை பாக்கறே? படத்தைப் போடு. பாட்டு வரும்ல?"

அந்தோணி அண்ணன் எழுந்து வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தானே பொத்தானை அமுக்கினார். சாவிக்கொத்து கோடு கோடாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரில் போட்டாலும் அந்த இடத்தில் அப்படித்தான் வரும். அண்ணன் அதைப் பற்றி ஒரு "ம்" கூடச் சொன்னதில்லை. கடைசிப் பாட்டு வந்தபோது தேசப்பனின் மனைவி தூணோரம் நகர்ந்து லலிதா பக்கத்தில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டில் தாளம் போட ஆரம்பித்தாள். பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். 

மறுநாள் காலை சீட்டு எடுக்கிற நேரத்தில் தேசப்பன் எங்களிடம் வந்து அந்தப் பாட்டைக் குழாயில் போடச் சொன்னார். பெரியவர்கள், "சாமி பாட்டு போடலாமே" என்றார்கள். "இதைப் போட்டுட்டு எதுனா போடட்டும்" என்றார். போட்டோம். அவர் வீட்டுக்கு ஒரே பேர் விழுந்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து. ஏகாம்பரம் அன்றைக்குப் படகைத் தள்ளியது அந்த மஞ்சள் தடவின கழியில்தான்.

இது வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. வேறு வீடுகளில் சண்டை இருந்தால் அதற்கும் அந்தப் பாட்டுதான் என்று ஆகிவிட்டது. பாட்டு முடிந்ததும் நான் மைக்கில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சொல்ல வேண்டும், தேசப்பன் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு நான் பதில் சொன்னால்தான் சீட்டு. டெக் போயிற்று, டி.வி.டி. போயிற்று, அந்தோணி அண்ணனும் போய்ச் சேர்ந்தார். போனதில் எனக்கு அண்ணன் ஒருவர்தான் வருத்தம். டெக்குக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், அதைத் தூக்கிச் சுமந்த என் இடுப்பைக் கேளுங்கள்.

இன்று காலை கலாவிடம் நான் சொன்னது இதுதான். "போனை மைக்குகிட்ட பிடி." அவள் பிடித்தாள். பல் விளக்காத வாயோடு கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத திரையைப் பார்த்துக் கதை சொன்னேன். தம்பி மனைவி முற்றத்தில் நிற்கிறாள். அண்ணன் வருகிறான். முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தரையில் வைக்கிறான். பேசாமல் போகிறான்.

 அந்தப் பக்கத்திலிருந்து தேசப்பனின் குரல். வயதாகிக் கரகரத்துவிட்டது, ஆனால் அதட்டல் அப்படியே இருக்கிறது.

"டேய் மைக்கு. வீசினானா, குடுத்தானா?"

"குடுத்தாண்ணே."

"அப்ப சீட்டை எடுங்கப்பா" என்றார்.